சாவியை விட்ட பிறகும் செல்ஃப் கத்துகிறது: சுற்றுகிற பல்சக்கரத்திலிருந்து பினியனை வெளியே எடுப்பது எது?

ஹலசூர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு ஹலசூரில் இருக்கிறேன். வண்டி 11 வயதான டீசல் ஹேட்ச்பேக். பத்து நாளாகக் காலையில் மட்டும் ஒரு தொல்லை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக எடுக்கிறது, எஞ்சின் உடனே பிடித்துக்கொள்கிறது, நானும் சாவியை விட்டுவிடுகிறேன். ஆனால் அதற்கு அப்புறம் இரண்டு மூன்று நொடிக்கு "ர்ர்ர்ர்" என்று ஒரு கூர்மையான இரைச்சல். பிறகு "டக்" என்று தானாக அடங்கிவிடுகிறது. மதியமும் சாயங்காலமும் இந்தச் சத்தம் கிடையாது.

தெருமுனை மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே "செல்ஃப் போச்சு சார், புதுசு மாத்திடலாம்" என்கிறார். மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுகிறேன். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் பணத்தை எடுத்து வைக்க மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எஞ்சினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் முனையில் பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது, அது முன்னால் வந்து, எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலின் விளிம்பில் இருக்கும் ரிங் கியரில் கடித்துச் சுற்றுகிறது. உள்ளே போவது புரிகிறது. எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு, அவ்வளவு வேகமாகச் சுற்றும் பல்லுக்குள் இருந்து அதை வெளியே இழுப்பது எது?

ஜேசி ரோடு வயரிங்

சார், 27 வருஷமாகச் செல்ஃப், டைனமோ, ஆல்டர்னேட்டர் வேலைதான் செய்கிறேன். விளக்கம் மற்றவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் ஒன்று எடுங்கள். செல்ஃப் மேல் உட்கார்ந்திருக்கும் காந்த ஸ்விட்சான சாலினாய்டில் சாவியிலிருந்து மெல்லிய வயர் வரும் முனை ஒன்று இருக்கும், அதன் எண் 50. பேட்டரியிலிருந்து தடித்த வயர் வரும் போல்ட் 30. மூன்றாவது, சாலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் இறங்கும் தடித்த போல்ட். ஒரு நாள் காலை 50-இல் லேம்ப் போட்டுப் பாருங்கள், மறுநாள் மோட்டார் போல்டில் போட்டுப் பாருங்கள். லேம்பின் இன்னொரு முனை எர்த்தில் இருக்கட்டும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு இருக்க வேண்டும். வயர் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது. இரைச்சல் வரும் அந்த இரண்டு நொடியில் லேம்ப் எரிகிறதா, அணைந்திருக்கிறதா? அதை மட்டும் சொல்லுங்கள். அதுவரை புது செல்ஃப் வாங்காதீர்கள்.

மடிவாளா டாக்சி

இதற்கு எதற்கு லேம்ப்? பெண்டிக்ஸ் போயிருக்கிறது, அவ்வளவுதான். அப்பா காலத்து பெட்ரோல் அம்பாசடரில் பார்த்து வளர்ந்தவன் நான். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ரிங் கியரே பினியனைத் திருகி வெளியே தள்ளிவிடும். யாரும் இழுக்க வேண்டியதில்லை. பெண்டிக்ஸ் தேய்ந்தால் தள்ளுவது தாமதமாகும், சத்தம் வரும். பெண்டிக்ஸ் மட்டும் மாற்றினால் போதும், முழு செல்ஃப் வேண்டாம்.

பாடிக்காரர்

மடிவாளாத் தம்பி சொல்வது அந்த அம்பாசடருக்குச் சரி. ஹலசூர்த் தம்பியின் வண்டிக்குச் சரியில்லை. சென்னை பாடியில் செல்ஃப் மோட்டார் செய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இப்போது மகன் வீட்டில் பெங்களூரில் இருக்கிறேன். இந்தப் பெயர்க் குழப்பத்தை நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கார்களுக்குக் கைப்பிடிதான். முன்னால் நின்று கிராங்க் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு உடையும். 1912-ஆம் ஆண்டு காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் குழுவின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதே பத்தாண்டில் வின்சென்ட் பெண்டிக்ஸின் ஏற்பாடும் கார்களில் வந்து, பிறகு உலகம் முழுவதும் பரவியது. அதில் பினியனைத் தள்ள யாரும் இல்லை. மோட்டார் தண்டின் மேல் ஒரு திருகு மரை, அந்த மரையில் பினியன் தளர்வாக உட்கார்ந்திருக்கும். மோட்டார் சட்டென்று சுற்றும்போது பினியனின் கனம் அதை உடனே சுற்ற விடாது. தண்டு சுற்றுகிறது, பினியன் சுற்றவில்லை, அதனால் நட்டு போல்டில் ஏறுவதுபோல அது முன்னேறி ரிங் கியருக்குள் போகும். எஞ்சின் பிடித்ததும் ரிங் கியர் பினியனைத் தண்டைவிட வேகமாகச் சுற்றும், அதே மரையில் அது பின்னோக்கித் திரும்பி வெளியே வந்துவிடும். மடிவாளாத் தம்பி சொன்னது இதைத்தான். இதற்கு இனர்ஷியா டிரைவ் என்று பெயர்.

அழகான யோசனைதான், ஆனால் இரண்டு குறை. ஓடும் மோட்டார் வேகத்தோடு பினியன் போய் நிற்கும் ரிங் கியரில் மோதும், பல் சிதையும். இன்னொன்று, எஞ்சின் ஒரே ஒரு தடவை சுட்டுவிட்டு நின்றாலும் பினியன் வெளியே வந்துவிடும். குளிர் காலையில் டீசல் எஞ்சின் இரண்டு மூன்று தடவை இருமித்தான் ஓடத் தொடங்கும், அதற்கு இது ஒத்துவராது.

அதனால் வந்ததுதான் இன்று நம் கார்களில் இருக்கும் முறை. முதலில் பல் கடிக்க வேண்டும், அப்புறம்தான் மோட்டாருக்கு முழு மின்சாரம். சாலினாய்டுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு காந்தத்தால் பின்னால் இழுபடும். அதன் முனையில் ஒரு ஃபோர்க், தராசுபோல நடுவில் மாட்டியிருக்கும். தண்டு பின்னால் போக, ஃபோர்க்கின் மறுமுனை பினியனை முன்னால் தள்ளும். பினியன் கடித்து முடித்த நேரத்தில் தண்டின் பின்பக்கம் இருக்கும் செம்புத் தகடு 30-ஐயும் மோட்டார் போல்டையும் இணைக்கும். அந்த நொடியில் மோட்டார் முழு வேகம் எடுக்கும்.

பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால்? ஃபோர்க்குக்கும் பினியனுக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. பினியன் முட்டி நின்றாலும் ஸ்பிரிங் அமுங்கி, தண்டு தன் பயணத்தை முடித்துத் தகட்டை இணைத்துவிடும். மோட்டார் ஒரு பல் அளவு நகர்ந்ததும் அமுங்கிய ஸ்பிரிங் பினியனை உள்ளே தள்ளிவிடும். பினியன் பல்லின் முன்விளிம்பைச் சரிவாகச் சீவியிருப்பதும் இதற்காகத்தான். பினியன் முன்னும் பின்னும் ஓடுவதற்கு மோட்டார் தண்டில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள், அதாவது ஸ்பிளைன், அதுவும் நேராக இருக்காது, சாய்வாக வெட்டியிருப்பார்கள். முன்னால் போகும்போதே பினியன் கொஞ்சம் திரும்பிக்கொண்டு போகும், இடம் தேடிக்கொள்ளும்.

நம் கடைகளில் பினியன், அதன் கிளட்ச், உறை மூன்றையும் சேர்த்து இன்றும் "பெண்டிக்ஸ்" என்றுதான் கேட்டு வாங்குகிறோம். பெயர் மட்டும் தங்கிவிட்டது, உள்ளே இருப்பது வேறு.

மடிவாளா டாக்சி

ஐயா, இத்தனை வருஷமும் எல்லா வண்டியிலும் அதே மரைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி.

ஹலசூர்வாசி

ஐயா, பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. ஒரு சந்தேகம். எஞ்சின் பிடித்துக்கொண்டது என்று காதுக்குத் தெரிந்து, கை சாவியை விட அரை நொடியாவது ஆகும். அந்த அரை நொடியில் பினியன் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அப்போது எஞ்சின் மோட்டாரை இழுத்துச் சுற்றாதா?

பாடிக்காரர்

சுற்றினால் மோட்டார் செத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பினியனில் 10 பல், ரிங் கியரில் 130 பல் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் பக்கம் 13 சுற்று சுற்றினால் எஞ்சின் ஒரு சுற்று. ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சினை நிமிடத்துக்கு 200 சுற்று அளவுக்குத்தான் இழுக்கிறோம். எஞ்சின் ஐடிலுக்கு வந்து 850 சுற்று ஓடினால் பினியன் 11,000 சுற்றுக்கு மேல் போகும். பயத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி 2,500 ஆக்கினால் 32,500. இப்போதைய சிறிய செல்ஃப்களில் மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சருக்கும் பினியனுக்கும் நடுவில் இன்னொரு கியர் குறைப்பும் உண்டு, நாலு ஐந்து மடங்கு. அப்படியானால் ஆர்மேச்சரின் வேகம் இதைவிடவும் நாலைந்து மடங்கு. ஆர்மேச்சரின் செம்புக் கம்பிகள் பள்ளத்திலிருந்து பிய்ந்துகொண்டு வந்துவிடும்.

அதைத் தடுப்பதுதான் பினியனுக்குப் பின்னால் டப்பாபோல இருக்கும் ஒருவழி கிளட்ச். சைக்கிள் பின்சக்கரத்து ஃப்ரீவீல் மாதிரி. பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றும், இறக்கத்தில் சக்கரம் ஓடினால் பெடல் சுற்றாது. இங்கே ஃப்ரீவீலின் நாக்குக்குப் பதில் சிறு உருளைகள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும் பள்ளங்களில், பின்னால் ஒரு குட்டி ஸ்பிரிங்கோடு அவை கிடக்கும். மோட்டார் பினியனைச் சுற்றும்போது உருளை குறுகலான பக்கம் போய் ஆப்புபோல இறுகும், இரண்டும் ஒன்றாகச் சுற்றும். பினியன் மோட்டாரைவிட வேகமானால் உருளை அகலமான பக்கம் விலகும், பினியன் தனியாகச் சுற்றும்.

ஒன்று நினைவிருக்கட்டும். இந்தக் கிளட்ச் பினியனை வெளியே எடுப்பதில்லை. உள்ளேயே இருக்கும்போது மோட்டாரைக் காப்பாற்றுவது மட்டும்தான் அதன் வேலை. அதுவும் சில நொடிக்குத்தான் தாங்கும். நீளமாக விட்டால் உருளைகள் சூடாகித் தேயும், அப்புறம் ஸ்டார்ட் செய்யும்போது இறுகாமல் வழுக்கும். மோட்டார் மட்டும் "ஊய்ங்" என்று சுற்றும், எஞ்சின் அசையாது.

சுருள்

வெளியே எடுக்கும் கதையை நான் எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் மின்னியல் நடத்துகிறேன். சாலினாய்டைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் எனக்கே ஒரு சந்தோஷம் வரும்.

அந்தச் சாலினாய்டுக்குள் ஒன்றல்ல, இரண்டு சுருள்கள். ஒன்று இழுக்கும் சுருள், தடித்த கம்பி. இன்னொன்று பிடித்துவைக்கும் சுருள், மெல்லிய கம்பி. இரண்டுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றே. இரண்டும் 50-ஆம் முனையில் தொடங்குகின்றன, ஆனால் முடியும் இடம் வேறு. பிடிக்கும் சுருள் நேராக எர்த்துக்குப் போகிறது. இழுக்கும் சுருள் மோட்டார் போல்டுக்குப் போய், மோட்டார் வழியாக எர்த்தைத் தொடுகிறது.

சாவியைத் திருப்பியதும் 50-க்கு 12 வோல்ட் வரும், இரண்டும் சேர்ந்து இழுக்கும். இழுக்கும் சுருளில் வழக்கமாக 30 ஆம்பியருக்குக் குறையாமல் ஓடும், பிடிக்கும் சுருளில் சுமார் 10. இழுக்கும் சுருளின் மின்சாரம் மோட்டாரைக் கடந்து போவதால் மோட்டார் அப்போதே மெதுவாகத் திரும்பத் தொடங்கும். பல் இடம் தேடுவதற்கு அதுவும் உதவி.

செம்புத் தகடு இணைந்ததும் மோட்டார் போல்டுக்கும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. இப்போது இழுக்கும் சுருளின் இரண்டு முனையிலும் ஒரே மின்னழுத்தம். மின்சாரம் ஓட வழியில்லை, அது தானாக ஓய்ந்துவிடுகிறது. தண்டு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதால் மெல்லிய சுருள் மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். மிச்சப்படும் 30 ஆம்பியரும் மோட்டாருக்கே.

இனி சாவியை விடுங்கள். 50-க்குச் சாவியிலிருந்து வருவது நின்றது. ஆனால் அந்தக் கணத்தில் செம்புத் தகடு இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது, மோட்டார் போல்டில் 12 வோல்ட் இருக்கிறது. அந்த மின்சாரம் இழுக்கும் சுருள் வழியாகத் தலைகீழாக ஓடி, 50-ஐ அடைந்து, அங்கிருந்து பிடிக்கும் சுருள் வழியாக எர்த்துக்குப் போகும். இரண்டிலும் ஒரே மின்சாரம், ஒரே சுற்று எண்ணிக்கை, ஆனால் திசை எதிர் எதிர். ஒன்றின் காந்தத்தை இன்னொன்று அழித்துவிடுகிறது. காந்தம் செத்த இடத்தில் திரும்பும் ஸ்பிரிங்குக்குத் தடை ஏது? தண்டைத் தள்ளுகிறது, தகடு பிரிகிறது, மோட்டார் நிற்கிறது, ஃபோர்க் பினியனைப் பின்னால் இழுக்கிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்.

ஆகவே ஹலசூர்வாசியின் கேள்விக்கு என் பதில்: வெளியே எடுப்பது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்குக்கு வழிவிடுவது இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்வது. எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லாமல், வெறும் கம்பியைச் சுற்றிய விதத்திலேயே இதைச் சாதித்திருக்கிறார்கள்.

ஹலசூர்வாசி

மேடம், இரண்டு தடவை படித்து, தாளில் படம் போட்ட பிறகு புரிந்தது. அப்படியானால் இரண்டு சுருளில் ஒன்றில் சில சுற்றுகள் ஷார்ட் ஆனால் அழிப்பு முழுசாக நடக்காதே?

சுருள்

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். மிச்சக் காந்தம் ஸ்பிரிங்கைவிடப் பலமாக இருந்தால் தண்டு திரும்பாது, சாவியை எடுத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். செம்புத் தகடு தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான் ஆகும். அந்த நிலையில் சாவியால் ஒன்றும் செய்ய முடியாது, பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும். உங்களுக்கு இரண்டு நொடியில் அடங்கிவிடுவதால் இது என்று எனக்குத் தோன்றவில்லை. லேம்ப் சோதனை சொல்லிவிடும்.

பன்னர்கட்டா ரோடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் காரில் பேட்டரி இறங்கினால் "டக் டக் டக் டக்" என்று வேகமாக அடிக்கிறதே, அதுவும் இந்த இரண்டு சுருள் சமாசாரம்தானா?

ஜேசி ரோடு வயரிங்

அதேதான் சார். தகடு இணைந்ததும் மோட்டார் நூறு இருநூறு ஆம்பியர் கேட்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் வோல்ட் சரிந்துவிடும், மெல்லிய சுருளால் பிடித்துவைக்க முடியாது. தண்டு விட்டுவிடும். விட்டதும் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். அதுதான் அந்த டக் டக். ஒரே ஒரு "டக்" கேட்டு மோட்டார் அசையாமல் நின்றால் வேறு: செம்புத் தகடு கருகியிருக்கும், அல்லது மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் தேய்ந்திருக்கும்.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, செல்ஃப் எடுக்கவில்லை என்றால் ஸ்பேனரால் தட்டுகிறார்களே, பழைய ஃபீல்டு காயில் மோட்டாரில் அது ஓரளவு ஒத்துவரும். இப்போது பாதி வண்டியில் உள்ளே ஒட்டிவைத்த நிரந்தரக் காந்தம்தான் இருக்கிறது. ஓங்கித் தட்டினால் காந்தம் உடைந்து ஆர்மேச்சரில் மாட்டிக்கொள்ளும். தயவுசெய்து தட்டாதீர்கள். இரண்டாவது, பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். அந்த மோட்டாருக்குள் காற்று போக வழி இல்லை.

மடிவாளா டாக்சி

அண்ணே, என் வண்டியில் சில சமயம் மட்டும் "கர்ர்ர்" என்று பல் அரைக்கும், அடுத்த தடவை சரியாக எடுக்கும். அது?

ஜேசி ரோடு வயரிங்

நாலு சிலிண்டர் எஞ்சினா? அது அணையும்போது கம்ப்ரெஷன் தடுத்து ஏறத்தாழ அதே இரண்டு நிலைகளில்தான் வந்து நிற்கும். அதனால் பினியன் தினமும் ரிங் கியரின் எதிர் எதிரான அந்த இரண்டு இடத்தையே கடிக்கிறது, அங்கே மட்டும் பல் தேய்கிறது. அடுத்த தடவை அரைத்தால் டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, நியூட்ரலுக்கு வந்து செல்ஃப் அடியுங்கள். உடனே எடுத்தால் ரிங் கியர்தான். ரிங் கியரைச் சூடாக்கித்தான் ஃபிளைவீலில் ஏற்றுவார்கள். பழைய லாரிகளில் அதைச் சூடுகாட்டிக் கழற்றித் திருப்பிப் போட்டு இன்னும் பல வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

ஹலசூர்வாசி

சோதனை முடிந்தது. நேற்றுக் காலை 50-ஆம் முனையில். சாவியை விட்டதும் லேம்ப் அணைந்துவிட்டது, இரைச்சல் மட்டும் தொடர்ந்தது. இன்று காலை மோட்டார் போல்டில். சாவியை விட்டதும் அதுவும் அணைந்துவிட்டது. அதற்கு அப்புறமும் மூன்று நொடி "ர்ர்ர்". வீட்டுக்காரம்மாவை சாவி பிடிக்கச் சொல்லி நான் லேம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சந்தேகமே இல்லை.

ஜேசி ரோடு வயரிங்

அருமை. 50-இல் இல்லை என்றால் சாவியும் ரிலேவும் நல்லது. மோட்டார் போல்டில் இல்லை என்றால் செம்புத் தகடு ஒழுங்காகப் பிரிகிறது, சுருளும் நல்லது. மோட்டாருக்கு மின்சாரமே போகாத நேரத்தில் வரும் சத்தம் அது. பினியன் மட்டும் உள்ளேயே தங்கி, கிளட்ச் தனியாகச் சுற்றுகிறது. சாலினாய்டில் தகடு முதலில் பிரியும்படி கொஞ்சம் இடம்விட்டுத்தான் செய்திருப்பார்கள், அதனால் பினியன் மாட்டிக்கொண்டாலும் மோட்டார் நின்றுவிடும். காலையில் மட்டும் வருகிறது என்றால் எனக்கு ஸ்பிளைன் மேல்தான் சந்தேகம். கழற்றிக் கொண்டுவாருங்கள்.

ஹலசூர்வாசி

சனிக்கிழமை கழற்றிக்கொண்டு போனேன். அண்ணன் என்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பிரித்தார். ஸ்பிளைன் முழுக்கக் கறுப்பாக, தார்மாதிரி ஒரு பசை. முன்பு ஒரு பட்டறையில் செல்ஃப் சர்வீஸ் செய்தபோது தாராளமாக வீல் பேரிங் கிரீஸை அப்பியிருக்கிறார்கள். ஃபிளைவீலை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் பறக்கும், வண்டியின் கிளட்ச் பிளேட் தூசு அதில் ஒட்டி ஒட்டி இறுகிவிட்டது. டிசம்பர் காலைக் குளிரில் அது கெட்டியாகிவிடும், மதிய வெயிலில் இளகிவிடும். பினியனைக் கையால் தள்ளிவிட்டால் திரும்பி வராமல் பாதியிலேயே நின்றது, என் கண்ணால் பார்த்தேன்.

டீசல் ஊற்றிக் கழுவி, துடைத்து, திரும்பும் ஸ்பிரிங்கைப் பார்த்தார். நன்றாக இருந்தது. கிளட்சை ஒரு பக்கம் திருப்பினால் பிடித்தது, மறுபக்கம் சுற்றியது. ஆனால் சுற்றும்போது லேசாகக் கரகரத்தது. இத்தனை நாள் மூன்று மூன்று நொடி ஓவர் ஸ்பீடில் சுற்றியதன் பலன் என்றார். பெண்டிக்ஸ் மட்டும் புதிதாகப் போட்டோம். கார்பன் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததால் அதையே விட்டுவிட்டார்.

பாடிக்காரர்

நல்லது தம்பி. ஸ்பிளைனில் என்ன போட்டார்?

ஜேசி ரோடு வயரிங்

குளிரில் கெட்டியாகாத மெல்லிய கிரீஸ், விரல் நுனியில் தொட்டு ஒரு பூச்சு, அவ்வளவுதான் ஐயா. மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டேன்.

பாடிக்காரர்

அதுதான் சரி. கிளட்ச் டப்பாவை டீசலில் முக்கவில்லையே? உள்ளே ஆலையில் அடைத்த கிரீஸ் இருக்கும், கரைந்துவிட்டால் திரும்ப அடைக்க வழியில்லை.

ஜேசி ரோடு வயரிங்

முக்கவில்லை ஐயா. மோட்டார் தண்டை மட்டும்தான் கழுவினேன்.

ஹலசூர்வாசி

இன்று காலை 6 மணி, நல்ல குளிர். சாவியைத் திருப்பினேன், எஞ்சின் பிடித்தது, விட்டேன். "டக்" என்று ஒரே சத்தம், உடனே அமைதி. ஐந்து நிமிடம் கழித்து அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து கேட்டேன். அதே "டக்".